பாராளுமன்றத்தில் ஒரு நாள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு தமிழ் நாளிதழுக்காகப் பல வருடங்கள் இலங்கைப் பாராளுமன்றப் பத்திரிகையாளர் கலரியில் இருந்து எழுதினேன். இப்போது வெள்ளவத்தையில் வீட்டோடு இருக்கிறேன். வேலையை விட்டாலும் கேள்விகள் என்னை விடவில்லை. மாடிப்படியில், சலூனில், கல்யாண வீட்டுப் பந்தியில் என்று யாராவது பிடித்துக்கொள்வார்கள்: "அண்ணை, அங்க உண்மையா என்னதான் நடக்குது?" கேட்பவர்களில் பெரும்பாலானோர் இரவுச் செய்தியில் வந்த ஒன்றரை நிமிடக் கூச்சலை மட்டும் பார்த்தவர்கள். அந்தக் கூச்சலுக்கு முன்னும் பின்னும் எட்டு மணித்தியாலம் சபை ஓடியிருக்கும். அந்த எட்டு மணித்தியாலத்தைப் பற்றித் திரும்பத் திரும்பச் சொன்ன பதில்களைத்தான் இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

சபை எத்தனை மணிக்குக் கூடும்? தினமும் கூடுமா?

தினமும் இல்லை. பொதுவாக மாதத்தில் இரண்டு வாரம், செவ்வாய் முதல் வெள்ளி வரை. இப்போதைய வழக்கப்படி காலை 9.30க்குத் தொடங்கி மாலை 5.30 அளவில் முடியும். வரவு செலவுத் திட்ட காலத்தில் மட்டும் கணக்கு வேறு. அப்போது சனிக்கிழமையும் கூடுவது உண்டு.

அமர்வு நாளின் நேரம் ஏறக்குறைய இப்படிப் பிரியும். 9.30 முதல் 10 வரை சபாநாயகர் அறிவிப்புகள், ஆவணங்கள் சமர்ப்பித்தல், மனுக்கள். 10 முதல் 11 வரை வாய்மூல விடைக்கான வினாக்கள். அதன்பின் அரை மணித்தியாலம் 27/2 கேள்விகள் (அது என்ன என்று கீழே சொல்கிறேன்). 11.30க்குப் பிறகுதான் அன்றைய பெரிய விவாதம். கடைசி அரை மணித்தியாலம் ஒத்திவைப்பு வேளைப் பிரேரணைக்கு, அதாவது சபையை ஒத்திவைக்குமுன் உறுப்பினர் ஒருவர் எழுப்பும் விடயத்துக்கு. கட்சித் தலைவர்கள் கூட்டத்தில் இதை மாற்றிக்கொள்வார்கள் என்பதால், போகுமுன் அன்றைய ஒழுங்குப் பத்திரத்தை, அதாவது நிகழ்ச்சி நிரலைப் பார்த்துக்கொள்ளுங்கள். அது மூன்று மொழியிலும் வெளிவரும்.

தொடக்கத்தில் ஒருவர் தோளில் தூக்கி வருகிறாரே, அது என்ன?

செங்கோல். தூக்கி வருபவர் படைக்கலச் சேவிதர். பெயரைக் கேட்டால் சோழர் காலத்து ஆள் போலத் தோன்றும், ஆனால் அது இன்றும் நடப்பிலுள்ள ஒரு பதவி. மணி ஒலிக்கும், எல்லோரும் எழுந்து நிற்பார்கள். அவர் முன்னால் வர, சபாநாயகர் பின்னால் வருவார். செங்கோல் தன் இடத்தில் இருந்தால்தான் சபை கூடியிருக்கிறது என்று பொருள். கருங்காலித் தண்டில் வெள்ளியும் தங்கமும் நீலக்கல்லும் பதித்தது. 1949 ஜனவரியில் பிரித்தானிய மக்கள் சபை கொடுத்த அன்பளிப்பு. குழப்பம் வரும் நாட்களில் உறுப்பினர்கள் முதலில் செங்கோலை நோக்கி ஓடுவதற்குக் காரணம் இதுதான். அதை எடுத்துவிட்டால் சபை நடக்காது என்ற கணக்கு.

ஒரு நாளில் ஒரு மணித்தியாலம்தான் பார்க்க நேரம் இருக்கிறது. எதைப் பார்ப்பது?

யோசிக்காமல் சொல்வேன், காலை 10 முதல் 11 வரை. வாய்மூல விடைக்கான வினாக்கள்.

செய்தியில் வருவது பின்னேரப் பேச்சு. பின்னேரம் ஒருவர் இருபது நிமிடம் பேசினால், அதில் பதினைந்து நிமிடம் எதிரணியின் பழைய பாவங்களைப் பட்டியல் போடுவதிலேயே போகும். காலையில் அது முடியாது. கேள்வி முன்கூட்டியே எழுத்தில் கொடுக்கப்பட்டு, ஒழுங்குப் பத்திரத்தில் அச்சாகியிருக்கும். அதன் நடையே தனி. இன்ன அமைச்சர் அவர்களைக் கேட்பதற்கு, (அ) இன்ன மாவட்டத்தில் தமிழ்மொழி மூலப் பாடசாலைகளில் கணித ஆசிரியர் வெற்றிடங்கள் எத்தனை என்பதையும், (ஆ) அவை எப்போது நிரப்பப்படும் என்பதையும் அவர் குறிப்பிடுவாரா, (இ) இன்றேல், ஏன்? அநேகமாக எல்லாக் கேள்வியும் அந்த "இன்றேல், ஏன்?" என்பதில்தான் முடியும். எனக்கு அந்த இரண்டு சொல்லும் மிகவும் பிடிக்கும். என் மகன் சின்ன வயதில் வீட்டுப் பாடம் செய்யாமல் இருந்தால் நானும் அப்படித்தான் கேட்பேன்.

அமைச்சர் எண்ணிக்கையோடு பதில் சொல்லியாக வேண்டும். நீளமான பதில் என்றால் "சபாபீடத்தில் சமர்ப்பிக்கிறேன்" என்று எழுத்தில் சபையின் மேசையில் வைத்துவிடுவார். அப்படி வைக்கப்பட்டதும் பதிவாகிவிடும். பதில் தயாரில்லை என்றால் கால அவகாசம் கேட்பார். ஒரே கேள்விக்கு மூன்று தடவை அவகாசம் கேட்கிறார்கள் என்றால், அந்தத் திணைக்களத்தில் ஏதோ இருக்கிறது என்று நிருபர்கள் நாங்கள் குறித்துக்கொள்வோம். கேட்டவர் எழுந்து இடையீட்டுக் கேள்விகளும் கேட்கலாம். அதற்கு எழுதி வைத்த பதில் கிடையாது. விடயம் தெரிந்த அமைச்சரையும், அதிகாரிகள் பகுதியிலிருந்து வரும் துண்டுக் கடதாசிக்காகக் காத்திருக்கும் அமைச்சரையும் அந்த நிமிடத்தில்தான் பிரித்தறிய முடியும். ஒரு மாவட்ட வைத்தியசாலையில் எத்தனை கட்டில், ஒரு வீதிக்கு எவ்வளவு ஒதுக்கப்பட்டது போன்ற சங்கதிகள் பொதுப் பதிவுக்கு வருவதும் இந்த ஒரு மணித்தியாலத்தில்தான்.

27/2 என்று செய்தியில் அடிக்கடி வருகிறதே?

நிலையியற் கட்டளைகளில், அதாவது சபையின் நடைமுறை விதிகளில், ஓர் இலக்கம். அவசரமான பொது விடயம் ஒன்றைக் கட்சித் தலைவர்கள் எழுப்பி அரசாங்கத்திடம் பதில் கேட்க இடம் தரும் விதி. 2018இல் நிலையியற் கட்டளைகள் புதிதாக்கப்படுவதற்கு முன் இதே விதி 23/2. பழைய பத்திரிகைகளைப் புரட்டுபவர்கள் குழம்ப வேண்டாம்.

சபையில் தமிழில் பேச முடியுமா? சிங்களம் தெரியாமல் போய் உட்கார்ந்தால் ஏதாவது விளங்குமா?

இரண்டுக்கும் ஆம். அரசியலமைப்பின் 20ஆம் உறுப்புரை, பாராளுமன்ற உறுப்பினர் தேசிய மொழிகளில் எதிலும் தன் கடமையைச் செய்யலாம் என்கிறது. தேசிய மொழிகள் சிங்களமும் தமிழும். ஆங்கிலத்திலும் பேசுகிறார்கள். கண்ணாடிக் கூண்டுகளுக்குள் உரைபெயர்ப்பாளர்கள் இருந்து, பேசப் பேச மற்ற மொழிகளில் சொல்லிக்கொண்டே போவார்கள். காதில் ஹெட்போனை மாட்டி மொழியைத் தெரிவு செய்துகொண்டால் சரி.

அந்த வேலையை நான் மிக உயர்வாக மதிக்கிறேன். ஒருவர் கோபத்தில் ஒரு சிங்களப் பழமொழியைச் சொல்லுவார், அடுத்த நொடி அதற்குத் தமிழில் ஒன்று வந்தாக வேண்டும். சொல்லுக்குச் சொல் போட்டால் சிரிப்பு வரும், பொருளை மட்டும் சொன்னால் சூடு போய்விடும். நல்ல உரைபெயர்ப்பாளர் இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி கண்டுபிடிப்பார்.

ஆனால் எண்கள் வரும்போது கவனம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு நடந்தது. அமைச்சர் ஒருவர் வேகமாக வாசித்துக்கொண்டு போனார். நான் மூல உரையையும் தமிழ் உரைபெயர்ப்பையும் மாறி மாறிக் கேட்டு, மில்லியனைப் பில்லியன் என்று எழுதிவிட்டேன். மறுநாள் முதல் பக்கத்தில் ஒரு சின்னக் குளம் திருத்தும் செலவு ஒரு நகரம் கட்டும் செலவாக வந்தது. அதற்கு அடுத்த நாள் திருத்தம் போட்டோம், ஆசிரியர் என்னோடு ஒரு கிழமை பேசவில்லை. அதிலிருந்து, எண் வந்தால் ஹெட்போனைக் கழற்றிவிட்டு சபாபீடத்தில் வைத்த கடதாசியைத் தேடிப் போவதே என் வழக்கமானது.

தமிழில் பேசுபவர்கள் வடக்கு, கிழக்கிலிருந்து வருபவர்கள் மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். மலையகம், கொழும்பு, புத்தளம் என்று பல பக்கத்துத் தமிழும் சபையில் கேட்கும். 2024 பொதுத் தேர்தலில் நுவரெலியாவிலிருந்து கிருஷ்ணன் கலைச்செல்வியும் பதுளையிலிருந்து அம்பிகா சாமுவேலும் வந்தார்கள். மலையகத் தமிழ்ப் பெண்கள் பாராளுமன்றத்துக்குத் தெரிவானது அதுதான் முதல் தடவை. மட்டக்களப்பு உறுப்பினர் ஒருவருக்குப் பிறகு யாழ்ப்பாணத்தவர், அவருக்குப் பிறகு பதுளைக்காரர் என்று பேசினால், மொழி ஒன்று, ஓசை மூன்று. கலரியில் கண்ணை மூடிக்கொண்டு ஊர் கண்டுபிடிப்பது எங்கள் மதிய விளையாட்டு.

பாராளுமன்றம் எப்போதும் அந்தக் குளத்துக்கு நடுவில்தான் இருந்ததா? காலிமுகத்திடலில் இருக்கும் தூண் கட்டடம்தான் பழைய பாராளுமன்றம் என்கிறார்களே?

சரியாகத்தான் சொல்கிறார்கள். கடலைப் பார்த்து நிற்கும் அந்தக் கட்டடம் 1930 ஜனவரி 29இல் திறக்கப்பட்டது. முதலில் சட்ட நிரூபண சபை, 1931 முதல் அரசாங்க சபை, 1947 முதல் பிரதிநிதிகள் சபை, 1972 முதல் தேசிய அரசுப் பேரவை, 1978 முதல் பாராளுமன்றம் என்று ஐந்து பெயரைப் பார்த்த சுவர்கள். இப்போது ஜனாதிபதி செயலகம்.

எங்களுக்கு, அதாவது தமிழர்களுக்கு, அந்தக் கட்டடம் சும்மா ஒரு பழைய கட்டடம் இல்லை. 1931இல் இந்த நாட்டில் சர்வசன வாக்குரிமை வந்து, அதன்படி தெரிவான அரசாங்க சபை அங்கேதான் கூடியது. யாழ்ப்பாணம் அந்த முதல் தேர்தலைப் பகிஷ்கரித்தது. ஆனால் 1936இல் கூடிய இரண்டாவது அரசாங்க சபைக்குச் சபாநாயகராக இருந்தவர் சேர் வைத்திலிங்கம் துரைசுவாமி. தீவகத்துத் தமிழர். 1947 வரை அந்த ஆசனத்தில் இருந்தார். அதைச் சொன்னால் இன்றைய பிள்ளைகள் நம்பமாட்டேன் என்கிறார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு தமிழ் பேசும் சபாநாயகர்கள் இல்லாமல் இல்லை. எச்.எஸ். இஸ்மாயில், எம்.ஏ. பாக்கீர் மாக்கார் போன்ற முஸ்லிம் தலைவர்கள் அந்த ஆசனத்தில் இருந்திருக்கிறார்கள்.

1944 மே மாதம் ஜே.ஆர். ஜயவர்தன சிங்களத்தை அரசகரும மொழியாக்கும் பிரேரணையை அங்கே கொண்டுவந்தபோது, "தமிழும்" என்று சேர்க்கத் திருத்தம் கொண்டுவந்தவர் கிழக்கிலிருந்து வந்த வி. நல்லையா. சபை அந்தத் திருத்தத்தை ஏற்றுக்கொண்டது. பன்னிரண்டு வருடம் கழித்து அதே மண்டபத்தில் சிங்களம் மட்டும் சட்டமூலம் வந்தது. 1956 ஜூன் 5 அன்று தமிழ்த் தலைவர்கள் வெளியே காலிமுகத்திடல் புல்லில் சத்தியாக்கிரகம் இருந்து அடிபட்டார்கள். அடிபட்ட காயத்தோடு அமிர்தலிங்கம் உள்ளே வந்து அமர்ந்தார். உள்ளே இருந்து வெளியே நூறு யார் தூரம்கூட இருக்காது. இன்றைக்கு அதே புல்லில் இறால் வடை தின்றுகொண்டு பட்டம் விடுகிறோம். வடை நன்றாகத்தான் இருக்கும், ஆனால் எனக்கு அந்தக் கட்டடத்தின் பக்கம் முதுகைக் காட்டி உட்கார மனம் வருவதில்லை.

தமிழ் அரசகரும மொழி என்று அரசியலமைப்பில் ஏறியது 1987இல், 13ஆம் திருத்தத்தோடு.

சரி, குளத்துக்கு வருவோம். சதுப்பு நிலத்தைத் தோண்டி தியவன்னா நீர்ப்பரப்பை உண்டாக்கி, நடுத் தீவில் ஜெப்ரி பாவா வடிவமைத்த கட்டடம். 1982 ஏப்ரல் 29இல் திறந்தார்கள். செப்புக் கூரை. சபா மண்டபத்தின் உட்கூரை அலுமினியத் தகடுகளால் ஒரு கூடாரத் துணி தொங்குவதுபோல இருக்கும். நடுவில் லக்கி சேனாநாயக்க செய்த வெள்ளிச் சரவிளக்கு. விவாதம் சலித்தால் நிருபர்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பது அதைத்தான்.

தொலைக்காட்சியில் பாதிக் கதிரை காலியாக இருக்கிறதே. அவர்கள் எங்கே போகிறார்கள்?

சிலர் குழுக் கூட்டங்களில், சிலர் அமைச்சு அலுவலகங்களில், சிலர் உணவுச்சாலையில், சிலர் வீட்டில். மொத்தம் 225 பேர். சபை நடக்க 20 பேர் போதும். அரசியலமைப்பின் 73ஆம் உறுப்புரை அப்படித்தான் சொல்கிறது. 20க்குக் குறைவு என்று யாராவது எழுந்து சுட்டிக்காட்டினால் கோரம் மணி அடிப்பார்கள். ஐந்து நிமிடத்துக்குள் ஆள் சேராவிட்டால் சபையை ஒத்திவைக்க வேண்டியதுதான். இதில் வேடிக்கை, யாரும் சுட்டிக்காட்டாவிட்டால் சபை பாட்டுக்கு நடந்துகொண்டே இருக்கும். மாலை நான்கு மணிக்குப் பேசும் பின்வரிசை உறுப்பினர்கள் பலர் சரவிளக்குக்குத்தான் பேசுகிறார்கள்.

முழுவதுமாக வராமல் இருக்கவும் முடியாது. சபையின் அனுமதியின்றித் தொடர்ந்து மூன்று மாதம் வராவிட்டால் ஆசனம் போய்விடும். இன்ன உறுப்பினருக்கு லீவு கொடுக்க வேண்டும் என்று அவ்வப்போது ஒரு பிரேரணை வருவது அதற்காகத்தான்.

அங்கே சாப்பாடு சும்மா கொடுக்கிறார்களாமே?

சும்மா இல்லை, மலிவாக இருந்தது. உறுப்பினர் ஒருவரின் ஒரு நாள் உணவுக்கு 450 ரூபா. அந்தக் காசுக்குக் கொழும்பில் ஒரு சோத்துப் பார்சலே கிடைக்காத காலத்திலும் அதே விலை. 2025 பெப்ரவரியிலிருந்து அதை 2,000 ரூபாவாக்கினார்கள். தியவன்னாவில் நடக்கும் எந்தப் பெரிய விவாதத்தையும்விட இந்தக் கேள்வியைத்தான் என்னிடம் அதிகம் பேர் கேட்கிறார்கள்.

ஒரு சட்டமூலம் ஒரே நாளில் சட்டமாகிவிடுமா?

சில நாட்களில் அப்படித்தான் தோன்றும். காலையில் விவாதம் தொடங்கி மாலையில் நிறைவேறியது என்று செய்தி வரும். ஆனால் அது கடைசி நாள். அதற்கு முன் வர்த்தமானியில் வெளிவந்திருக்க வேண்டும், பிறகு ஒழுங்குப் பத்திரத்தில் சேர்ந்திருக்க வேண்டும்.

அந்த இடத்தில்தான் பொதுமக்களுக்கு ஒரு வாசல் இருக்கிறது. ஒழுங்குப் பத்திரத்தில் ஏறியதும், குறிப்பிட்ட நாட்களுக்குள் எந்தப் பிரஜையும் உயர் நீதிமன்றத்துக்குப் போய் இது அரசியலமைப்புக்கு முரண் என்று மனுச் செய்யலாம். நீதிமன்றம் மூன்று வாரத்துக்குள் தன் தீர்மானத்தைச் சொல்ல வேண்டும். சபாநாயகர் காலையில் எழுந்து உயர் நீதிமன்றத்தின் தீர்மானத்தை வாசிக்கிறார் என்றால் அது இதுதான். அந்த வாசலை விட்டுவிட்டால் அப்புறம் கதவு கிடையாது. சட்டமானபின் அதன் செல்லுபடியை நீதிமன்றத்தில் கேள்விக்குட்படுத்த இந்த நாட்டில் இடமில்லை. இந்தியாவில் முடியும் என்பதால் இங்கும் முடியும் என்று நினைப்பவர்கள் பலர். சட்டக் கல்லூரிப் பையன் ஒருவனே என்னோடு பந்தயம் கட்டித் தோற்றிருக்கிறான்.

சபையில் இரண்டாம் மதிப்பீட்டில் கொள்கையைப் பற்றி விவாதம். பிறகு குழுநிலையில் வாசகம் வாசகமாகத் திருத்தம். பிறகு மூன்றாம் மதிப்பீடு. கடைசியில் சபாநாயகர் சான்றுப்படுத்திக் கையொப்பமிடுவார், அந்த நிமிடமே அது சட்டம். ஜனாதிபதியின் கையொப்பம் தேவையில்லை. பொதுசன வாக்கெடுப்புத் தேவைப்படும் சட்டமூலங்கள் மட்டும் விதிவிலக்கு.

நீங்கள் கலரியில் இருந்தால் குழுநிலையைத் தவறவிடாதீர்கள். "சட்டமூலத்தின் பகுதியாக நிற்குமாக" என்று கடகடவென வாசித்துக்கொண்டு போவார்கள், சந்தையில் ஏலம் கூறுவதுபோல இருக்கும். ஆனால் ஒரு சட்டத்தின் பல்லைப் பிடுங்குவதும் புதிதாகக் கட்டுவதும் அந்த வேகத்துக்குள்தான் நடக்கும்.

வாக்கெடுப்பு எப்படி?

முதலில் வாய்ச் சத்தம். "ஆம்" என்போர், "இல்லை" என்போர். சபைக்குத் தலைமை தாங்குபவர் எந்தப் பக்கம் அதிகம் என்று அறிவிப்பார். யாராவது வாக்கெடுப்புக் கோரினால் மணி அடித்து, இலத்திரனியல் முறையில் ஒவ்வொருவர் வாக்கும் பெயரோடு பதிவாகும். அரசியலமைப்பைத் திருத்த மூன்றில் இரண்டு, அதாவது 150. சாதாரணமாகத் தலைமை தாங்குபவர் வாக்களிப்பதில்லை. சமமாக வந்தால் மட்டும் அவர் வாக்கு.

ஒரு வாக்கின் விலை தெரிய வேண்டுமென்றால் 2004 ஏப்ரலைச் சொல்வேன். சபாநாயகர் தெரிவில் லொக்குபண்டார 110, எதிர்த்தவர் 109. அரசாங்கம் நிறுத்திய வேட்பாளர் ஒரே வாக்கில் தோற்றார்.

வரவு செலவுத் திட்டத்தில் "10 ரூபா குறைக்க வேண்டும்" என்று கேட்கிறார்களே, அது என்ன பகிடியா?

பகிடி இல்லை, பழைய மரபு. குழுநிலையில் ஒவ்வொரு அமைச்சின் செலவுத் தலைப்பும் தனித்தனியே எடுக்கப்படும். அதைப் பற்றிப் பேச எதிர்க்கட்சிக்கு ஒரு பிடி வேண்டும். அதற்காகத்தான் இந்தத் தலைப்பின் நிகழ்ச்சித் திட்டங்களில் 10 ரூபா குறைக்கப்பட வேண்டும் என்று ஒரு பிரேரணை. பத்து ரூபாவை முன்னால் போட்டுவிட்டு அந்த அமைச்சைப் பற்றி நாள் முழுக்கப் பேசுவார்கள். உங்கள் ஊர் வைத்தியசாலை, பாடசாலை, மீன்பிடித் துறைமுகம் எல்லாம் பேர் சொல்லி வருவது இந்த நாட்களில்தான்.

சண்டை உண்மையா? நடிப்பா?

இரண்டும் பார்த்திருக்கிறேன். உள்ளே மேசையைத் தட்டிக் கத்தியவர்கள், பத்து நிமிடம் கழித்து நடைபாதையில் ஒரே மாலுபாணைப் பாதியாகப் பிய்த்துத் தின்பதையும் பார்த்திருக்கிறேன். ஆனால் 2018 நவம்பர் 16 நடிப்பில்லை. அரசாங்கம் யாருடையது என்ற இழுபறியில் சபாநாயகரின் ஆசனத்தையே பிடித்துக்கொண்டார்கள். சபாநாயகர் கரு ஜயசூரிய பொலிஸ் பாதுகாப்போடு உள்ளே வந்தார். புத்தகங்கள் பறந்தன, மிளகாய்த்தூள் வீசப்பட்டது. சபைக்குள் மிளகாய்த்தூள் எப்படி வந்தது என்று அன்று கொழும்பு முழுவதும் கேட்டார்கள்.

அதைவிட மோசமான நாள் 1987 ஓகஸ்ட் 18. அன்று பாராளுமன்றக் கட்டடத்துக்குள், ஆளுங்கட்சிக் கூட்டம் நடந்த அறைக்குள் கைக்குண்டு வீசப்பட்டது. உயிர்கள் போயின. இன்றைக்கு வாசலில் உங்களை மூன்று இடத்தில் சோதிக்கிறார்கள் என்று அலுத்துக்கொள்ளுமுன் அதை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஓர் உறுப்பினர் என்ன பேசினார் என்பதைச் சரியாக எங்கே படிக்கலாம்?

ஹன்சாட்டில். பாராளுமன்ற இணையத்தளத்தில் கிடைக்கும். தமிழில் பேசினால் தமிழில், சிங்களத்தில் பேசினால் சிங்களத்தில் அப்படியே அச்சாகும். அதனால் ஒரே பக்கத்தில் மூன்று எழுத்தும் கலந்திருக்கும். முதலில் வருவது உறுப்பினர்களால் பிழை திருத்தப்படாத பதிப்பு. சபைக்கு ஒவ்வாத சொற்களை நீக்கும்படி தலைமை தாங்குபவர் கட்டளையிட்டால் அவை அதில் இருக்காது. முகப்புத்தகத்தில் சுற்றும் "இன்னார் இப்படிச் சொன்னார்" படங்களைப் பகிருமுன் ஹன்சாட்டை ஒருதரம் திறந்து பாருங்கள். நான் பார்த்தவற்றில் பல, சொன்னவருடையதே இல்லை.

எனக்கு ஒரு பிரச்சினை இருக்கிறது. பாராளுமன்றத்துக்கு நான் எழுதலாமா?

கொட்டாஞ்சேனையில் ஓர் அம்மா கேட்டார். கணவர் அரச ஊழியர், இறந்து ஆறு வருடம், விதவைகள் ஓய்வூதியம் ஒரு திணைக்களத்துக்கும் இன்னொரு திணைக்களத்துக்கும் நடுவில் சிக்கியிருந்தது. இப்படிப்பட்ட விடயங்களுக்காகவே பொது மனுக்கள் பற்றிய குழு என்று ஒன்று இருக்கிறது. மனுவை நீங்களே நேரே சமர்ப்பிக்க முடியாது, ஓர் உறுப்பினர் மூலமாகச் சபைக்கு வர வேண்டும். உங்கள் மாவட்ட உறுப்பினராகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. தமிழிலேயே எழுதலாம். காலையில் சபை தொடங்கியதும் "மனு ஒன்றைச் சமர்ப்பிக்கிறேன், இன்ன முகவரியைச் சேர்ந்த இன்னார்" என்று சில உறுப்பினர்கள் வரிசையாக வாசிக்கும்போது செய்தியாளர்கள் நாங்கள் கோப்பி குடிக்கப் போய்விடுவோம். அது எவ்வளவு தவறு என்று அந்த அம்மாவின் கோப்பைப் பார்த்தபோதுதான் உறைத்தது. குழு அதிகாரிகளை அழைத்து விசாரிக்கும். மெதுவாகத்தான் நகரும், ஆனால் அதிகாரி எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டிய இடம் அது. எல்லாக் கடிதங்களின் பிரதியையும் திகதி வரிசையில் இணைத்துக் கொடுங்கள். கதை நீளமாக வேண்டாம், ஒரு பக்கம் போதும்.

நேரே போய்ப் பார்க்க என்ன செய்ய வேண்டும்?

முன்கூட்டியே அனுமதி எடுக்க வேண்டும். தெரிந்த உறுப்பினர் ஒருவரின் அலுவலகம் மூலம் கேட்பது சுலபம். தேசிய அடையாள அட்டை கட்டாயம். ஒழுங்கான உடுப்பு வேண்டும், அரைக் காற்சட்டையோடு, பாட்டாவோடு போய் நிற்க வேண்டாம். போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். கலரியில் கைதட்டக் கூடாது, பேசக் கூடாது.

பஸ் என்றால் கொள்ளுப்பிட்டியிலிருந்து 177. வெள்ளவத்தைக்காரர் காலி வீதியில் கொள்ளுப்பிட்டிக்கு வந்து மாறலாம். பொல்துவ சந்தியடியில் இறங்கி நடக்க வேண்டும், வெயில் காயும். குடை கொண்டுபோங்கள்.

மாகாண சபைகளும் இப்படிக் கூடுகின்றனவா?

கூடின. இப்போது இல்லை. 13ஆம் திருத்தத்தால் வந்த ஒன்பது சபைகளின் பதவிக்காலமும் 2019க்குள் முடிந்துவிட்டது, அதற்குப் பிறகு தேர்தல் வைக்கவில்லை. ஆளுநர்கள்தான் நடத்துகிறார்கள். பத்தரமுல்லையில் மேல் மாகாண சபைக் கட்டடம் கம்பீரமாக நிற்கிறது, உள்ளே உறுப்பினர்கள் இல்லை.

கடைசியாக ஒன்று. பாராளுமன்றமா, நாடாளுமன்றமா?

இலங்கையில் அரச ஆவணங்களிலும் ஹன்சாட்டிலும் பாராளுமன்றம். பத்திரிகைகள் சில நாடாளுமன்றம் என்று எழுதும், தமிழ்நாட்டிலும் அப்படித்தான். எங்கள் ஆசிரியர் பாராளுமன்றம் என்று மட்டும்தான் விடுவார். வீட்டில் அம்மா கடைசி வரை "பாளிமேந்து" என்றுதான் சொன்னார்.